சேது நாணயம்

யாழ்ப்பாண இராச்சியத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டதாகப் பெரும்பான்மை ஆராய்ச்சியாளர் கொள்ளும், 'சேது' என்று தமிழில் எழுத்துப் பொறித்த காசு இது. இவற்றுள் செப்புக் காசுகளே மிகுதி. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வெள்ளிக் காசுகளுள் கந்தரோடையிற் கிடைத்த, மன்னர் பெயரற்ற முத்திரைக் காசுகளும் அடங்கும். அவற்றை ஆய்வாளர் போல் பியரிஸ் தம் ஆய்வில் விவரித்துள்ளார்.

இந்நாணயத்துக்கு முற்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத் தீவுகளில் நிலவிய வாணிக நிலையை, நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் (1153-1186) தமிழ்ச் சாசனம் ஒருவாறு காட்டுகின்றது. பரதேச வணிகர் ஊராத்துறைக்கே வந்திறங்க வேண்டுமென்றும், யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும், ஏனைய வணிகக் கலமாயின் செம்பாதி பண்டாரத்துக்கும் உரியதென்றும் அது விதிக்கின்றது. கடல் விழுங்கியதிலும் பங்கு கணக்கிட்ட அந்நிருவாகத்தின் நுட்பம் வியக்கத்தக்கது.

காசின் ஒருபுறத்தில் நின்ற கோலத்தில் மன்னனுருவும், மறுபுறத்தில் மேலே பிறையோடு படுத்திருக்கும் நந்தியும், அதன்கீழ் 'சேது' என்னும் எழுத்தும் காணப்படும். நந்திக்குப் பதிலாக அமர்ந்த உருவம் கொண்ட வகையும் உண்டு. தொடக்கத்தில் இவற்றை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கு உரியனவாகக் கொண்டோரும் உளர். ஆனால் ஆரியச்சக்கரவர்த்தியின் வெற்றியைக் கூறும் கொட்டகமச் சாசனம் 'சேது' என்றே தொடங்குவதைச் சுட்டி, யாழ்ப்பாண உரிமையை ஆதரிப்போரே இன்று மிகுதி. 1344இல் அம்மரபின் மன்னனைக் கண்ட இபின் பதூதா, அவனுக்குப் பாரசீக மொழி விளங்கியதெனவும் பிறநாட்டரசர் கதைகளை அவன் விரும்பிக் கேட்டானெனவும் எழுதியுள்ளார்.  ஆனால் இக்காசுகளில் மன்னர் பெயருமில்லை, ஆண்டுமில்லை. ஆதலின் 1450ஐ ஒட்டிக் கோட்டை அரசின் ஆட்சி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த காலத்திலும், 1591க்குப் பின் போர்த்துக்கேயருக்கு அடங்கிய காலத்திலும் இக்காசு அடிக்கப்பட்டதா என்பதில் துணிபு அரிது.

1619இல் இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று; 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இக்காசுகளை விரிவாக ஆராய்ந்துள்ளார்.