எல்லைக்கு அடியில் ஒரு பொதுத் தண்ணி

நிலத்தடித் தண்ணிக்கு வரப்பு எது, பட்டா யாருக்கு என்பதெல்லாம் தெரியாது. நான் போர் போட்டு இறைத்தால் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் மட்டம் இறங்கும். அவர் இன்னும் ஆழமாகப் போடுவார், அப்புறம் நான். பங்காளிகளுக்குள்ளேயே தீராத வழக்கு இது. இரண்டு நாடுகளுக்கு நடுவே என்றால் கேட்கவே வேண்டாம். ஆனா அதைப் பேசித் தீர்த்த இடம் ஒன்று இருக்கு. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா.

பிரான்சு எல்லையை ஒட்டிய நகரம் அது. அங்கே பூமிக்கடியில் சுமார் 19 கிலோமீட்டர் நீளத்துக்கு சரளையும் மணலுமான நீர்ப்படுகை. பெரும்பகுதி சுவிஸ் பக்கம், ஓரம் பிரான்சு பக்கம். இரண்டு பக்கமும் குடிநீருக்குக் கிணறு போட்டு எடுக்கிறாங்க. இதுக்குத் தண்ணி ஊட்டுவது ஆர்வ் ஆறு. பிரான்சு மலைப் பனியில் பிறந்து ஜெனீவாவுக்கு இறங்கி வருது.

1960 வரைக்கும் ஊறுவதும் எடுப்பதும் ஏறக்குறைய சமம். அப்புறம் இறைப்பு கூடிப்போச்சு. 1971ல் மட்டும் 1 கோடியே 40 லட்சம் கனமீட்டர் எடுத்திருக்காங்க. படுகை தாங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 20 வருஷத்தில் மட்டம் 7 மீட்டருக்கு மேல் இறங்கி, இருப்பில் மூன்றில் ஒரு பங்கு போயிடுச்சு.

ஆற்றுத் தண்ணியை வடிகட்டி மண்ணுக்குள்ளே திருப்பி விடலாம்னு ஜெனீவா முடிவு செய்தது. ஆனா காசு போட்டு ஊட்டும் தண்ணியை எல்லைக்கு அந்தப் பக்கம் சும்மா இறைத்தால் என்ன செய்வது? அதனால் 1978ல் ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டது தலைநகரத்து வெளியுறவு அமைச்சர்கள் இல்லை. ஜெனீவா மாநில அரசும், பிரான்சின் ஓத் சவோவா மாவட்ட ஆட்சித் தலைவரும்தான்.

கணக்கு எளிமையானது. பிரான்சு பக்கம் வருஷத்துக்கு 50 லட்சம் கனமீட்டர் வரை எடுக்கலாம். இயற்கையா ஊறுவதற்கு ஈடாக அதில் 20 லட்சம் இலவசம். அதுக்கு மேல் எடுத்தால் ஊட்டும் செலவில் பங்கு தரணும். கிணறுகளில் எல்லாம் மீட்டர். மேற்பார்வைக்கு ஆறு பேர் குழு, பக்கத்துக்கு மூணு பேர். 1980ல் வெஸ்ஸி என்ற இடத்தில் ஊட்டும் நிலையம் ஓட ஆரம்பித்தது. ஆறு கலங்கி வந்தால் நிறுத்திடுவாங்க. மட்டம் மெல்ல ஏறியது. 30 வருஷம் முடிந்ததும் 2008 முதல் இன்னொரு 30 வருஷத்துக்குப் புதுப்பித்தாங்க. இந்தத் தடவை பிரான்சு பக்கம் உள்ளாட்சிகளே கையெழுத்துப் போட்டன.

இதில் எனக்குப் பெரிசாகத் தெரிவது நிலையம் இல்லை, மீட்டர்தான். அளந்ததாலேதான் யார் எவ்வளவு எடுத்தாங்க என்பதில் சண்டைக்கு இடமில்லாமல் போச்சு. நம்ம பக்கம் மீட்டர்னு சொன்னாலே இலவச மின்சாரத்துக்கு ஆபத்துனு பயம். நியாயமான பயம்தான், எனக்கும் உண்டு. காசு வாங்க அளக்க வேண்டாம். கீழே எவ்வளவு மிச்சம் இருக்குனு ஊரே தெரிஞ்சுக்கவாவது அளக்கணும். அளக்காத தண்ணியை எப்படிப் பங்கு போடுவது, சொல்லுங்க.