குடலிறக்கம்

குடல், இறக்கம் என்னும் இரு சொற்கள் இணைந்த இப்பெயர், வயிற்றுச் சுவரின் நலிந்த இடத்தின் வழியே உள்ளுறுப்பு பிதுங்குவதைக் குறிக்கிறது; எனினும் பிதுங்குவது எப்போதும் குடலன்று, அதன்மேல் திரைபோல் தொங்கும் கொழுப்புப் படலமாகவும் இருக்கலாம் என்பதால், ‘பிளவு’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லான ஹெர்னியா நோயின் இயல்புக்கு இன்னும் நெருக்கமானது எனலாம். தொடையும் அடிவயிறும் கூடும் கவட்டில் தோன்றுவதை, வயிற்றுச் சுவரின் உட்புறமாக மேலேறும் ஒரு தமனியை எல்லையாகக் கொண்டு பிரிப்பர்: தமனிக்கு வெளிப்பக்கத்தில், ஆண்களுக்கு விந்துநாண் செல்லும் கால்வாயின் உள்வாய் வழியே நுழைவது மறைமுக வகை, உட்பக்கத்தில், ஜெர்மானிய உடற்கூற்றியலர் ஹெசல்பாக்கின் பெயர் தாங்கிய முக்கோணத்தில் முன்னோக்கித் தள்ளுவது நேரடி வகை. நோயாளியை நிற்கவைத்து இருமச் செய்து, புடைப்பைக் கையால் உணர்ந்தே பெரும்பாலும் நோய் கணிக்கப்படுகிறது. ஐயம் எழும்போது மீயொலிச் சோதனை துணை நிற்கிறது.