பால் போல வெளுத்த இன்ஜின் ஆயில்: பழைய மோட்டார் சைக்கிளின் கோளாறை நிறத்தால் அறிவது எப்படி?

மழைக்காலம் முழுவதும் ஓட்டாமல் நிறுத்தி வைத்த பழைய புல்லட்டின் ஆயில் மூடியைத் திறக்கும்போது, உள்ளே மோர் நிறத்தில் பசை படிந்திருப்பதைக் கண்டு உரிமையாளர்கள் பலர் திகைப்பது வழக்கம். இன்ஜின் பழுதாகிவிட்டது என்று உடனே முடிவு கட்டுவோரும் உண்டு; பொருட்படுத்தாமல் கிக் செய்து ஓட்டத் தொடங்குவோரும் உண்டு. இரண்டுமே தவறு. எண்ணெயின் நிறம், மணம், அளவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கோளாறின் மூலத்தைப் பெரும்பாலும் வீட்டிலேயே கண்டறிய முடியும்.

வெளுப்பு எங்கிருந்து வருகிறது?

எண்ணெயில் நீர் கலந்து கடையப்படுவதே பால் நிறத்துக்குக் காரணம். கார்களில் இத்தகைய நிறம் தெரிந்தால், குளிரூட்டும் நீர் கசிந்திருக்கலாம் என்று ஐயுறுவர். ஆனால், சென்னையில் தயாரிக்கப்பட்ட வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டுகள் காற்றால் குளிர்விக்கப்படுபவை. அவற்றில் குளிரூட்டும் நீரே கிடையாது. எனவே, ஈரம் வேறு வழியில்தான் நுழைந்திருக்க வேண்டும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உருவாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறினாலும், சிறிதளவு பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து எண்ணெய் இருக்கும் அறைக்குள் இறங்குகிறது. நெடுந்தூரப் பயணத்தில் எண்ணெய் நன்கு சூடேறுவதால் அந்த ஈரம் ஆவியாகி, காற்றுப்போக்கிக் குழாய் வழியே வெளியேறிவிடும். கடைத்தெரு வரை மட்டும் சென்று திரும்பும் வண்டியில் அது உள்ளேயே தங்கிக் குளிர்ந்து, மூடியின் அடியில் பசையாகப் படிகிறது.

மூடியில் மட்டும் வெளுப்பு இருந்து, அளவுகோலில் எண்ணெய் தெளிவாகத் தெரிந்தால் அச்சம் தேவையில்லை. மூடியைத் துடைத்துவிட்டு, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டிய பின் மீண்டும் பார்க்கலாம். எண்ணெய் முழுவதுமே வெளுத்திருந்தால் இன்ஜினை இயக்கக் கூடாது. நீர் கலந்த எண்ணெயால் தாங்கிகளுக்கு உரிய மசகுப் படலத்தைத் தர இயலாது, துருவும் பிடிக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள்

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கிக் செய்து பார்ப்பது பெரும் சேதத்தை விளைவிக்கும். நீர் எண்ணெயை விடக் கனமானது என்பதால், ஓர் இரவு அசையாமல் நிறுத்தி வைத்துவிட்டு வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்தினால் கலவாத நீர் முதலில் வெளிவரும். பின்னர் எண்ணெயை முழுவதும் மாற்றி, சிறிது நேரம் இயக்கி, மீண்டும் ஒருமுறை மாற்றுவது நல்லது.

பெட்ரோல் வாடை

எண்ணெய் நீர்த்து, அதன் அளவு தானாகவே உயர்ந்து, பெட்ரோல் வாடையும் வீசினால் கார்புரேட்டரின் மிதவை ஊசியைச் சோதிக்க வேண்டும். ஊசி தேய்ந்திருக்கும் நிலையில் பெட்ரோல் குழாயை மூடாமல் நிறுத்தினால், எரிபொருள் சிலிண்டருக்குள் வழிந்து எண்ணெயில் கலந்துவிடும். தீ விபத்து அபாயம் இருப்பதால் கசிவைச் சரிசெய்து எண்ணெயை மாற்றும் வரை வண்டியை இயக்கக் கூடாது.

நீர் கலந்துள்ளதா என்பதை அறிய, சூடான தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் முறை பட்டறைகளில் உண்டு. படபடவென வெடித்தால் நீர் இருக்கிறது என்று பொருள். பெட்ரோல் வாடை வீசும் எண்ணெயில் இச்சோதனையை ஒருபோதும் செய்யக் கூடாது.

கறுப்பும் மினுமினுப்பும்

எண்ணெய் கறுப்பது கரித்துகள்களை அது சுமப்பதால் நிகழ்வது, அதுவே பழுதாகாது. மினுமினுப்புதான் எச்சரிக்கை. வடித்த எண்ணெயில் காந்தத்தை வைத்து, துகள்கள் ஒட்டினால் எஃகு உறுப்புகள் தேய்கின்றன எனக் கொள்ளலாம். காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் துகள்கள் வெண்கல புஷ் தேய்மானத்தையும், வெள்ளித் துகள்கள் அலுமினியத் தேய்மானத்தையும் காட்டக்கூடும். தட்டும் ஒலியும் சேர்ந்தால் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டும் வரை ஓட்டாதிருப்பதே பாதுகாப்பு.

அளவு குறைந்தது போன்ற தோற்றம்

பழைய புல்லட்டில் எண்ணெய் தனி அறையில் இருக்கிறது. நெடுநாள் நின்றால் பம்ப் வழியே கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அளவுகோலில் குறைவாகத் தெரியும். அதை நம்பி மேலும் ஊற்றினால் அளவு மிஞ்சும். புகையும் கசிவும் ஏற்படும். எண்ணெய் தெளிவாக இருந்தால், சில நிமிடங்கள் இயக்கி நிறுத்திய பின் அளவு பார்ப்பதே முறை.

மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கணக்கு வேறு. அவற்றில் பிஸ்டனுக்கான எண்ணெய் பெட்ரோலுடன் கலந்தே செல்கிறது. கியர் பெட்டி எண்ணெய் குறைந்து, புகை அடர்ந்தால் கிராங்க் தண்டின் ஆயில் சீல் பழுதாகியிருக்க வாய்ப்புண்டு.

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் பயன்படுத்திய எண்ணெய் அபாயகரக் கழிவாகும். மூடிய கலத்தில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் பணிமனையில் ஒப்படைப்பதே முறையாகும்.