கட்டடம் ஒரு தடவை, சம்பளம் மாதாமாதம்



"மலருக்கு ஹாஸ்டல் ஞாபகம் ஏதாவது எழுதுப்பா" என்றார் சங்கச் செயலாளர். அதை எழுத நிறைய பேர் இருக்கீங்க. நான் ஒரு வரவு செலவுக் கதை சொல்றேன். புதுப் பாடப்பிரிவு, புது ஆட்கள் என்று நம் கல்லூரி பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது உதவும்.

1857-ல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகம் முதலில் தேர்வு நடத்தும் அமைப்பாகத்தான் இருந்தது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை; வாத்தியார் சம்பளமும் அவர்கள் பாடு. பல்கலைக்கழகத்துக்குத் தேர்வுக் கட்டணம் வந்தது.

சிதம்பரம் வேறு வழியில் போனது. 1920-ல் அங்கே மீனாட்சி கல்லூரியைத் தொடங்கிய அண்ணாமலைச் செட்டியார் 20 லட்சம் ரூபாய் கொடுக்க, 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம். கட்டணம் கட்ட அப்போது இணைப்புக் கல்லூரிகள் இருக்கவில்லை. வகுப்பு, விடுதி, வாத்தியார் எல்லாம் அதன் தலையில்தான்.

அப்படியும் வளர்ந்தது. 1945-ல் பொறியியல் வந்தது. 1979-ல் அஞ்சல்வழிக் கல்வி, 1985-ல் மருத்துவக் கல்லூரி. அஞ்சல்வழிக் கல்வி எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரியை உண்டாக்கியது. அதை மறந்துவிடக் கூடாது. பல்கலைக்கழகத்துக்கு அது பெரிய வரவாகவும் ஆனது. வரவு வர வர ஆட்களும் சேர்ந்தார்கள், ஆயிரக்கணக்கில்.

சிவில்காரர்களுக்குச் சட்டென்று புரியும். சென்ட்ரிங் போட்டுத் தளம் போடுகிறோம். தூண் எழுப்பாமல், சவுக்குக் கம்பு முட்டை நம்பியே மேலே மாடி கட்டினால் என்ன ஆகும்? மாணவர் சேர்க்கை வருஷா வருஷம் மாறும், அது முட்டு. சம்பளம் முப்பது வருஷத்துக்கு நிற்கும் எடை.

2012-ல் கையிருப்பு போதவில்லை. சம்பளக் குறைப்பு, ஆள் குறைப்பு என்ற பேச்சு எழுந்ததும் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2013 ஏப்ரலில் தமிழக அரசு நிர்வாகி ஒருவரை நியமித்தது. அதே ஆண்டு தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. எல்லை தாண்டிப் படிப்பு மையம் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்ததும் 2013-ல்தான். முட்டில் ஒரு வரிசை போயிற்று.

பிறகு 'உபரி' என்று கணக்கிடப்பட்டவர்கள் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அயற்பணியில் அனுப்பப்பட்டார்கள். சிதம்பரத்தில் வீடு, பிள்ளைகளுக்கு அங்கேயே பள்ளிக்கூடம் என்று இருந்தவர்களுக்கு வேறு ஊரில் வேலை. வேலைக்குச் சேர்ந்தது அவர்கள் தப்பா? வேலை கொடுத்த அன்றைக்கே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

இதில் என் பங்கும் ஒன்று உண்டு. எங்கள் பேட்ச் பணம் திரட்டியபோது, கல்வெட்டில் பேர் வருமே என்று கட்டடத்துக்குத்தான் கொடுத்தோம். அங்கே பாடம் நடத்துகிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நான் உட்பட.

இந்தச் சந்திப்பில் ஒரு யோசனை வைக்கிறேன். இனி தரும் நன்கொடையில் ஒரு பகுதி வைப்புநிதியாகப் போகட்டும். வட்டியில் ஒரே ஒரு ஆசிரியர் பணியிடம் நின்றால்கூடப் போதும். கல்வெட்டு வேண்டாம். சேர்க்கை குறைகிற வருஷத்திலும் அந்த ஒருத்தருக்கு முதல் தேதி சம்பளம் வரும்.

சந்திப்போம், சாப்பாட்டுப் பந்தியிலேயே இதைப் பேசி முடிப்போம்!