விலகிய முந்தானை

கடல் தாண்டி வந்த அம்மைப்பால் வழியிலேயே வீரியம் இழந்துகொண்டிருந்தது. 1796-இல் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மையின் சீழை ஒரு சிறுவனின் கையில் கீறிப் பெரியம்மைக்குத் தடுப்பு கண்டிருந்தார். அந்தப் பாலை நூலில் தோய்த்தார்கள், கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே உலர்த்தினார்கள். எதுவும் இந்தியா வரை தாங்கவில்லை. கடைசியில் வியன்னாவிலிருந்து பாக்தாத், பாஸ்ரா என்று சுற்றிக்கொண்டு கொஞ்சம் பால் பம்பாய் வந்து சேர்ந்தது. அதைக் குத்த ஒரு கை வேண்டியிருந்தது.

கிடைத்தது மூன்று வயதுக் கை. 1802 ஜூன் 14 அன்று ஆனா டஸ்தால் என்ற குழந்தைக்குக் குத்தினார்கள். அடம்பிடிக்காத, நல்ல குணமுள்ள பிள்ளை என்று டாக்டர் மறக்காமல் குறித்துவைத்தார். கீறிய இடத்தில் கொப்புளம் எழும்பியது. அடுத்த வாரம் அதிலிருந்து எடுத்து இன்னும் ஐந்து பிள்ளைகளுக்குப் போட்டார்கள். இந்தியா முழுக்கப் பரவிய பால் அவள் கையிலிருந்து கிளம்பியதுதான். அவள் மட்டும் அன்று கையை உதறிக்கொண்டு ஓடியிருந்தால்?

ஓடவில்லை. பால் பயணப்பட்டது: ஐதராபாத், கொச்சி, தலச்சேரி, செங்கல்பட்டு, சென்னை. ஐஸ் பெட்டி இல்லாத காலம். பிள்ளைகளின் கைதான் பெட்டி. அதனால் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு கண்டம். முதலில் பால் ஏற்றக் கத்தி முனை. வாரம் கழித்து, புண் ஆறுமுன்னே, அடுத்த பிள்ளைக்காகக் கொப்புளத்தைத் திறக்க மறுபடியும் கத்தி முனை. வலி போதாதென்று வேறு அச்சங்களும் இருந்தன. மாட்டுச் சீழ், அதுவும் எந்தச் சாதிப் பிள்ளை உடம்பிலிருந்து வந்ததோ? மாரியம்மாவுக்குக் கோபம் வராதா? பெரியம்மைச் சீழையே அளவாகக் குத்தும் பழைய முறையில் பிழைத்தவர்களுக்கோ தொழில் போகும் கவலை. துரைமார் சொல்லிக் கேட்கிற விஷயமாக இது இல்லை. வேறு யாராவது சொல்ல வேண்டும்.

அந்த யாரோ 1805-இல் மைசூர் அரண்மனைக்குள் மணப்பெண்ணாக வந்தாள். பெயர் தேவஜம்மணி, வயது பன்னிரண்டு. மாப்பிள்ளை மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கும் ஏறக்குறைய அதே வயது. திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனியார் சிறுபிள்ளையாக இருக்கும்போதே அரியணையில் ஏற்றிய ராஜா. புது ராணிக்கு அம்மை குத்தினார்கள். 1806 ஜூலையில், ராணி குத்திக்கொண்டது கண்டு ஜனங்களும் முன்வருகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. இதற்கிடையே அயர்லாந்து ஓவியர் தாமஸ் ஹிக்கி அரண்மனைப் பெண்கள் மூவரை வரைந்தார். அந்நிய ஆண் முன் ராஜகுலப் பெண்கள் நிற்பதே அதிசயம். வலது கோடியில் நிற்பவளின் முந்தானையோ இடது கையிலிருந்து விலகியிருந்தது.

அந்த முந்தானைதான் பின்னாளில் வினையானது. கௌரவமான பெண்கள் இப்படி நிற்பார்களா? நாட்டியக்காரிகளாகவோ தாசிகளாகவோ இருப்பார்கள் என்று முடிவுகட்டினார்கள். நெடுங்காலம் அந்தப் பெயரிலேயே படம் கிடந்தது.

2001-இல் நைஜல் சான்சலர் என்ற வரலாற்றாசிரியர் வேறு கதை சொன்னார். வலது கோடியில் நிற்பவள் தேவஜம்மணி. அவள் விரல் காட்டுவது அம்மை குத்திய இடத்தை. இடது கோடியில் நிற்பவர் ராஜாவின் மூத்த ராணி. அவர் பெயரும் தேவஜம்மணிதான். மூக்கடியிலும் வாயோரமும் தெரியும் நிறமாற்றம் பழைய முறைக்கு உட்பட்டதன் அடையாளம். நடுவில் ராஜாவின் பாட்டி லட்சுமி அம்மணி, கணவரை அம்மைக்குப் பறிகொடுத்தவர். பழைய முறை முகத்தில் வடு வைக்கும், புதியது கையோடு போகும்: சொல்ல வந்தது இவ்வளவுதான். இன்று நடிகர்களும் அமைச்சர்களும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எடுத்துக்கொள்ளும் தடுப்பூசிப் படத்துக்கு மூத்தது இதுதான்.

படத்தையே பார்த்து ஜனங்கள் மனம் மாறினார்கள் என்றால் நம்பச் சிரமம். ஒற்றை எண்ணெய் ஓவியத்தை எத்தனை தாய்மார் பார்த்திருப்பார்கள்? பன்னிரண்டு வயது ராணியே கையை நீட்டினாள் என்ற பேச்சுதான் ஊர் ஊராகப் போயிருக்கும். 1807-க்குள் இந்தியாவில் பத்து லட்சத்துக்கும் மேல் அம்மை குத்தியாகிவிட்டது. கத்தி முனையின் கூர் மட்டும் அப்படியேதான் இருந்தது.