ஆழ்கடியும் பல் கிளிப்பும்

வாயை மூடும்போது மேல்வரிசை முன்பற்கள் கீழ்வரிசையைச் சற்று மறைத்து நிற்பது இயல்பு. மறைப்பு 2 முதல் 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் குறையில்லை. கீழ்ப்பற்களின் பெரும்பகுதி மறைந்துபோனால் அது ஆழ்கடி. எத்துப்பல் வேறு: அது முன்னோக்கித் துருத்துவது, இது மேலிருந்து கீழாக மூடுவது. இரண்டும் ஒரே வாயில் சேர்ந்தும் வரும் என்பதால் பேச்சுவழக்கில் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. கடுமையான ஆழ்கடியில் கீழ்ப்பற்களின் நுனி மேலண்ணத்தைக் குத்திப் புண்ணாக்கும். இதை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்குவது தவறு.

வளரும் வயதில் தாடையின் வளர்ச்சியே மருத்துவருக்குக் கைகொடுக்கும். இருபதைத் தொட்டவர்களுக்கு அந்தத் துணை இல்லை. பற்களைத்தான் நகர்த்த வேண்டும். கடைவாய்ப்பற்களை எழுப்பிக் கடியைத் திறக்கலாம். ஆனால் வளர்ச்சி நின்றவர்களுக்கு அவை மெல்லும் அழுத்தத்தில் பழைய இடத்துக்கே திரும்பக்கூடும். ஆகவே முன்பற்களை எலும்புக்குள் மெல்லச் செலுத்துவதே பலருக்கும் ஏற்ற வழி. பல்லொன்றுக்கு 10 முதல் 20 கிராம் விசை போதும். மிகுந்தால் வேர்நுனி கரையும் அபாயம் கூடும். தாடையெலும்பிலேயே பெரிய குறை இருந்தால் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படலாம்.

பற்களை இப்படி நகர்த்துவது பல் கிளிப். பற்களில் ஒட்டிய பிராக்கெட் என்னும் சிறு தாங்கியின் பள்ளத்தில் கம்பியைப் பொருத்தும் இன்றைய முறைக்கு அடித்தளமிட்டவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள், காலம் 1920கள். தொடக்கத்தில் இடும் நிக்கல்-டைட்டானியக் கம்பிகளில் ஒருவகை, குளிரில் தளர்ந்து சூட்டில் விறைக்கும். மலையூரான கோத்தகிரியின் பனிக்காலையில் சூடான தேநீரைப் பருகினால் அதன் இழுவை சிறிது நேரம் கூடும். தேநீர்க் கறை கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்களிலும் படியும். மொறுமொறுப்பான ஊட்டி வர்க்கியை நனைத்துத்தான் தின்ன வேண்டும். கேரட்டை முழுதாகக் கடித்தால் பிராக்கெட் பெயர்ந்துவிடலாம். மேல்பற்கள் கீழ்ப் பிராக்கெட்டில் இடிக்காதிருக்கப் பற்களின்மேல் சிறு மேடைகளை ஒட்டுவதும் உண்டு. அவற்றோடு உணவை மெல்லப் பழகச் சில வாரமாகும்.

சிகிச்சை பெரும்பாலும் 18 முதல் 24 மாதம் நீளும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கொருமுறை காட்ட வேண்டும். கோத்தகிரியிலிருந்து பல் மருத்துவக் கல்லூரிக்குச் செல்வோர் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இறங்கிக் கோவை போக வேண்டியிருக்கும். தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு அது ஒருநாள் கூலி இழப்பு. வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு வழியை அடைப்பதும் உண்டு. மருத்துவர் இதைக் கேட்டறிந்து தேதி குறிப்பதே நியாயம். அடுத்த முறை போவதற்குள் கம்பி கன்னத்தில் குத்தினால், கம்பியின்மேல் ஒட்டிக்கொள்ளப் பல்மெழுகைக் கையில் வைத்திருப்பது நல்லது.

கிளிப்பைக் கழற்றியதும் பற்கள் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க முன்பற்களின் பின்புறம் மெல்லிய கம்பி ஒட்டுவார்கள், அல்லது இரவில் அணிய ரிட்டெய்னர் தருவார்கள். பலருக்கு அது ஆண்டுக்கணக்கில் தொடரும்.