எல்பே ஆறும் எங்கள் நகரமும்



நாம் கூடி ஆராதிக்கும் இந்த ஹம்பேர்க் நகரம் கடற்கரையில் இல்லை. வடகடல் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் ஜேர்மனியின் மிகப் பெரிய துறைமுகம் இதுதான். கடலின் வற்றுப்பெருக்கு எல்பே ஆற்றில் இதுவரை எட்டுகிறது. பெரிய கப்பல்கள் ஊருக்குள்ளேயே வருகின்றன. 1189ஆம் ஆண்டு மே 7ஆம் திகதியைத் துறைமுகத்தின் பிறந்தநாளாக வருடந்தோறும் கொண்டாடுகிறார்கள்.

பிள்ளைகளே, ஸ்பைக்கர்ஸ்ரட்டின் சிவப்புச் செங்கல் பண்டகசாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை 1888இல் திறக்கப்பட்டன. கோப்பி, தேயிலை, மிளகு எல்லாவற்றையும் அந்நாட்களில் சுங்கவரி கட்டாமல் அங்கே வைத்திருக்க முடிந்தது. நாட்டுக்குள் கொண்டுபோகும்போது கட்டினால் போதுமாக இருந்தது. அதனால் வியாபாரம் பெருகியது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் கால்வாய்ப் பக்கம் படகுக்கு ஒரு வாசல், தெருப் பக்கம் வண்டிக்கு ஒரு வாசல். ஆனால் அவற்றைக் கட்டுவதற்காக ஏறக்குறைய 20,000 பேர் வீடுகளை இழந்தார்கள். துறைமுகத் தொழிலாளர் பலர் வெளிச்சமில்லாத ஒழுங்கைகளில் நெருக்கமாகக் குடியிருந்தார்கள்.

நான்கு வருடங்களில், 1892 ஓகஸ்டில், கொலரா வந்தது. நகரம் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமலே குழாயில் விட்டுக்கொண்டிருந்தது. நோயை அறிவித்தால் கப்பல்கள் நின்றுவிடும், வியாபாரம் கெட்டுவிடும் என்று அதிகாரிகள் சில நாட்கள் தாமதித்தார்கள். அதற்குள் நோய் எங்கும் பரவிவிட்டது. ஏறக்குறைய 8,600 பேர் இறந்தார்கள். அந்த ஒழுங்கைகளில் இருந்த ஏழைகளே அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

பக்கத்து நகரமான அல்ரோனாவின் மக்களும் அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். ஆனால் அங்கே அது மணல் வடிகட்டி வழியாக வந்தது. ஒரே தெருவில் ஹம்பேர்க் பக்கம் நோய், அல்ரோனா பக்கம் சுகம்! பெர்லினிலிருந்து வந்த மருத்துவர் ரொபேர்ட் கொக் இதை ஆதாரமாக எடுத்துக் காட்டினார். அடுத்த வருடமே ஹம்பேர்க்கிலும் மணல் வடிகட்டி இயங்கத் தொடங்கியது.

தாதியாகிய நான் இந்த வரலாற்றை ஏன் எழுதுகிறேன்? வைத்தியசாலையில் சந்தேகம் வந்த உடனே சொல்லிவிட வேண்டும் என்பது எங்களுக்கு முதல் பாடம். காத்திருந்தால் கணக்கு உயிர்களில்தான் முடியும். அன்று வியாபாரத்தைக் காப்பாற்ற மறைத்தார்கள். முடிவில் வியாபாரமும் நின்றது, உயிர்களும் போயின.

இன்று அதே ஆற்றில் கொள்கலன் கப்பல்கள் வருகின்றன. நம்மில் பலருக்கும் இந்த நகரமே பிழைப்புத் தருகிறது. பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தை வீட்டில் பிள்ளைகளோடு வாசியுங்கள். நாம் குடியேறிய நகரத்தின் நன்மைக்காக ஜெபிப்போம். அதன் கடைசி ஒழுங்கையில் இருப்பவரையும் அந்த ஜெபத்தில் மறவாதிருப்போம்.